கொளஞ்சிநாதனுக்கு எழுதிய நாடகம்

யார் வாயைத் திறந்தாலும் ஜோஸ்வாவுக்கு எரிச்சல் வந்த காலம் அது. 1998 பொங்கல் விழா நாடகப் போட்டிக்கு நாடகம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு, ஒரு வரிகூட எழுதாமல் திரிந்துகொண்டிருந்தார்.

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டை ஓட்டும் ஆபரேட்டர் வேலை அவருக்கு. முன்பு அவர் எழுதிய முதல் நாடகம் தொழிலாளர்கள் நாடகப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தது. அதிலிருந்து கம்பெனி பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூட "அடுத்தது எப்போ சார்?" என்றார்கள். அது எப்படி எழுத வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. ஏதோ தப்பித்தவறி நடந்துவிட்டது, இன்னொன்று எழுதினால் சாயம் வெளுத்துவிடும் என்று பயந்தார். பயம் வெளியே சிடுசிடுப்பாக வந்தது.

எழுத உட்கார்ந்தால் ஃபேன் சத்தம் போடும். எழுந்து அதற்கு எண்ணெய் விடுவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் டிவியை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போவார். திரும்பி வந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடுவார்.

"ஃபேனு, டிவி எல்லாத்து மேலயும் பழி போட்டாச்சு. இன்னிக்கு என் மேல போடுங்க" என்றார் மனைவி ஸ்டெல்லா.

"வாய மூடிக்கினு போ."

ஸ்டெல்லா சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாடகத்தைப் போலவே இதையும் இயக்கி, முக்கிய வேடம் கட்டுபவர் கொளஞ்சிநாதன். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர், ஜோஸ்வாவோடு ஒரே ஷிப்டில் பல காலம் வேலை பார்த்த நண்பர். அவர் கேட்டபோதெல்லாம் "முடிஞ்சிடுச்சுப்பா, திருத்திக்கினு இருக்கேன்" என்று ஜோஸ்வா புளுகினார். அதை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடிகர்களை ஒத்திகைக்கு வரவழைத்துவிட்டார் கொளஞ்சிநாதன்.

ஜோஸ்வா வெறுங்கையோடு போனார்.

"பேப்பர் எங்க?" என்றார் கொளஞ்சிநாதன்.

"வூட்டுல இருக்கு."

"சரி, கதையச் சொல்லு."

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். சொல்ல ஒன்றுமில்லை. ஜோஸ்வா வெடித்தார்.

"இந்தக் கூட்டத்துக்கு எழுதி என்னா ஆவப்போவுது? ஒருத்தனுக்காவது நடிக்கத் தெரியுமா? போன தடவ என் வசனத்துக்குத்தான் கைதட்டுனாங்க."

கொளஞ்சிநாதன் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"நீ ஒண்ணுமே எழுதல. உனக்குள்ள ஒண்ணும் இல்லன்னு உனக்கே தெரியும். அதச் சொல்ல தைரியம் இல்லாம எங்கள நாய் மாதிரி காக்க வெச்சிட்ட."

"கைய எடுடா!"

"எடுக்கறேன். இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

வீட்டுக்கு வந்ததும் ஜோஸ்வா பேனாவை எடுத்தார். கொளஞ்சிநாதனை மேடையில் நிறுத்தி நாறடிக்க வேண்டும் என்ற வெறியில் எழுத ஆரம்பித்தார். ஒரு கிணற்றுக்காகப் பகையாகும் அண்ணன் தம்பி கதை. அண்ணன்தான் கெட்டவன், கொளஞ்சிநாதனின் வார்த்தைகளை அப்படியே அவன் வாயில் போட்டார். ஆனால் தம்பி என்ன பதில் சொல்வான் என்ற இடத்தில் பேனா நின்றது. யோசித்துப் பார்த்தார். அண்ணன் சொன்னதில் பொய்யே இல்லை. தம்பியைப் பேச்சற்று நிற்கவைத்து முடித்தார்.

ஸ்டெல்லா வாங்கிப் படித்தார். "தம்பிக்காரன்தாங்க மோசம்" என்றார்.

தாள்களைத் திரும்ப வாங்கிக் கிழிக்கப் போன ஜோஸ்வாவின் கையிலிருந்து அவற்றைப் பறித்துக்கொண்டு, ஸ்டெல்லாவே வடக்குத்துக்குப் பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விழா நெருங்கிவிட்டதால் அந்த நாடகத்தையே போடுவது என்று கொளஞ்சிநாதன் முடிவு செய்தார். ஒத்திகைக்கு ஜோஸ்வாவைக் கூப்பிடவில்லை. சந்தேகம் வந்தால் ஆள் அனுப்பிக் கேட்டார். விழாவன்று மேடையில் அண்ணன் வேடத்தில் நின்ற கொளஞ்சிநாதன், "உனக்குள்ள ஒண்ணும் இல்ல" என்ற வசனத்தைத் தம்பியாக நடித்தவரைப் பார்த்துச் சொல்லவில்லை. கீழே முன்வரிசையில் இருந்த ஜோஸ்வாவைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. இரண்டாம் பரிசு கிடைத்தது.

ஜோஸ்வா மேடைக்குப் பின்னால் போனார். கொளஞ்சிநாதன் தேங்காயெண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நடிச்ச" என்றார் ஜோஸ்வா.

"நடிக்கல" என்றார் கொளஞ்சிநாதன். "வழிய வுடு."

அந்த மாதமே அவர் வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.