மழைக்கோட்டு போட்ட கலியாணசுந்தரம்

காஜா பேராங் கம்பத்துக் குடியிருப்பில் என் பக்கத்து வீட்டுக் கலியாணசுந்தரம் மஃப்டி போலீஸ்காரன். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்களின் மகன். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் போலீஸில் சேர்ந்து, காக்கியைக் கழற்றும் அளவுக்கு முன்னேறியவன். நல்லவன்தான். மெர்டேகாவுக்கு, அதுதான் சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம் அந்த ஆங்கிலப் படத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

படத்தில் ஒரு துப்பறிவாளன். தூங்க மாட்டான், சாப்பிட மாட்டான், பெண்டாட்டியிடம் பேச மாட்டான். மழைக்கோட்டு மாட்டி, தொப்பியைச் சாய்த்து, சுவரோரம் நின்று சிகரெட் பிடிப்பான். மறுநாளே கலியாணசுந்தரமும் மழைக்கோட்டு வாங்கினான். ஊரில் மழை இல்லை.

"மனசு சரியில்ல," என்றான் பெண்டாட்டி மல்லிகாவிடம்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சு? சோத்தத் தின்னுங்க, சரியாயிடும்."

நேரமும் பொல்லாதது. எங்கள் கம்பத்தில் பன்னிரண்டு நம்பர் சூது அமோகமாக நடந்தது. பணம் வசூலிப்பவனை மாத முடிவுக்குள் பிடிக்காவிட்டால் மறுபடி காக்கிதான், ஜாலான் பெண்டஹாரா முனையில் நின்று வண்டிகளுக்குக் கை காட்ட வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அங்கேதான் மல்லிகாவின் அண்ணன்மாருக்குத் துணிக்கடை. அவர்கள் சிரிப்பதைப் பார்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்றான்.

வசூலிப்பவன் யாரென்று அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்: தலையில் தட்டோடு கச்சாங் பூத்தே கடலை விற்கும் நல்லையா. தெருமுனையில் கோட்டு தெரிந்ததுமே, "மாத்தா வர்றான்!" என்று பெண்கள் குரல் கொடுப்பார்கள்; மாத்தா என்றால் எங்கள் ஊரில் போலீஸ். நல்லையா உடனே கடலை மட்டும் விற்பான். மல்லிகாவும் அவனிடம் கட்டுகிறவள்தான், வாய் திறக்கவில்லை.

கோட்டுக்குள் உடம்பு வெந்து, அவனுக்கு வேர்க்குரு கொப்பளித்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கோட்டைக் கழற்றச் சொன்னேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து முகம் முதல் கால்வரை பூசி, முன்வாசலில் பாய் போட்டுப் படுக்க வைத்தேன்.

"கண்ணத் தொறக்காத, எரியும்."

யாரும் வந்து தொந்தரவு செய்யாமலிருக்க, மிச்ச வேப்பிலையை மல்லிகா வாசலில் செருகினாள்.

தெருவில் கோட்டைக் காணோம் என்ற தைரியத்தில் நல்லையா வந்தான். வேப்பிலையைப் பார்த்தான்; பாயில் கிடந்தவனைப் பார்த்தான். அம்மை போட்டிருக்கிறது, மாத்தா மேலேயே மாரியம்மன் இறங்கிவிட்டாள் என்று முடிவுகட்டினான். தட்டை இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

"ஆத்தா, இன்னைக்கு என்ன நம்பர் விழும்? சொல்லு தாயே!"

கலியாணசுந்தரம் கண்ணைத் திறக்கவில்லை. "ஏழு. யாருகிட்ட கட்டப்போற?"

"நான் யாருகிட்ட கட்டுறது? கம்பமே எங்கிட்டதானே கட்டுது தாயே!"

பாயிலிருந்து மஞ்சள் கை ஒன்று நீண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஆத்தா, விடு ஆத்தா!"

"ஆத்தா இல்லடா, மாத்தா!"

பச்சையும் மஞ்சளுமாக, இடுப்புச் சாரோங்கோடு, ஸ்டேஷன்வரை அவனை இழுத்துப்போனான். வழியில் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேலதிகாரி சிரித்து முடித்த பிறகு, மஃப்டியிலேயே இருக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஏழுதான் விழுந்தது. கம்பத்தில் ஒருவரும் கட்டியிருக்கவில்லை, பணம் வசூலிக்க ஆளில்லை.

மல்லிகா சோற்றுத் தட்டை அவன் முன்னால் தள்ளினாள்.

"நாளைக்குப் பிடிச்சிருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?"