நிரையின் மறுமுனை

ஒருங்கமை சமன்பாடுகளை நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்ற பிறகு, சாதாரண தரப் பரீட்சையை எப்படியாவது எழுதிவிட வேண்டுமென்று பழைய புத்தகம் ஒன்றோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டேன். தெரியாதவை இரண்டென்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும். இரண்டையும் கோடாக வரைந்தால் அவை வெட்டுகிற இடம்தான் விடை. வெட்டாமல் சமாந்தரமாகப் போனால் விடையே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டால் கோடு முழுக்க விடை. இந்தக் கடைசிச் சங்கதி மட்டும் பிடிபடவில்லை. விடை அத்தனை இருந்தால் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன்.

அதைப் புரியவைத்தது எங்கள் தோட்டத்து மண்சரிவு.

லிந்துலைப் பக்கம் விடாத மழை. அக்காவின் புருஷன், மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், மாட்டுக்குப் புல்லறுக்க மேல்மலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்த மலை இறங்கிவிட்டது. கீழே நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சான் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தோடு வந்த சிங்களத் தம்பி, தெரிந்த தமிழில் நேராகவே சொன்னான்: "மண்ணு இன்னும் நடக்குது. ஒரு எடம் காட்டு, தோண்டுறேன். ரெண்டாவது எடம் முடியாது."

மச்சானைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னவர்கள் கொழுந்தெடுக்கிற இரண்டு பெண்கள். மலையில் ஒருவர் எங்கே என்று கேட்டால் எங்கள் ஆட்கள் தேயிலை நிரையைத்தான் சொல்வார்கள். நிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஆள் கிடைத்துவிடும். அதற்கு மேல் சொல்லிப் பழக்கமில்லை.

"கானுக்கு மேல ஆறாவது நெரைங்க" என்றாள், அடியிலிருக்கும் வடிகாலிலிருந்து எண்ணிய ஒருத்தி.

"நான் ரோட்டுலேருந்து எண்ணுனேன். கீழ நாலாவது நெர" என்றாள் மற்றவள்.

தோட்டத்துக் கங்காணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "கானுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒம்பது நெர. அடியே, ரெண்டும் ஒரே நெரதான்டி!"

எல்லாருக்கும் உயிர் வந்தது. ஒரு வாய் சொன்னால் வதந்தி, இரு வாய் சொன்னால் சாட்சி என்பார்கள் எங்கள் பக்கம். மண் மூடாத இரு முனைகளையும் பார்த்து, நிரை போன தடத்தில் சரிவின் குறுக்கே கயிறு கட்டினார்கள். இயந்திரத் தம்பி கயிற்றின் நீளத்தைப் பார்த்தான்.

"சரி. இதுல எங்க?"



"ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லியிருக்காங்க. ஒருத்தி கீழேருந்து, ஒருத்தி மேலேருந்து" என்றேன். "நெரைய வெட்டுற மாதிரி குறுக்க பாத்தவங்க வேணும்."

"பரீட்சைய இங்க வந்து எழுதாதப்பா" என்று சிடுசிடுத்தார் கங்காணி.

நான் கீழே இறங்கி வந்தேன். அக்கா லயத்து வாசற்படியில் நின்றிருந்தாள். அழவில்லை. கயிற்றின் மறுமுனையைக் காட்டினாள். அங்கே மண் முடிந்து, தேயிலை பச்சையாகவே தொடர்ந்து, பனிக்குள் போயிற்று.

"அந்தப் பக்கமும் அந்த நெர போகுதுல்ல, தம்பி? அங்கயும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்க்கா."

கணக்குப்படி அது பொய்யில்லை. கோடு முழுக்க விடை என்பது அப்போதுதான் உறைத்தது. மண்ணடியில் ஒரு மச்சான், பனிக்குள் ஒரு மச்சான், கயிற்றின் முழத்துக்கு முழம் ஒரு மச்சான். எவரையும் இல்லையென்று சொல்ல முடியாது, எவரையும் தொட முடியாது. அந்தக் கும்பலில் உயிரோடு இருப்பவரைத்தான் அக்கா பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் நின்ற படியிலிருந்து மலை நேராகத் தெரிந்தது.

"நீ பாத்தியாக்கா?"

"சொல்லிட்டா அவரு அங்கதான் இருக்கணும்ல" என்றாள்.

மேலே இயந்திரம் உறுமியது. மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

"இங்கதான் நின்னேன். கோயில் சூலத்துக்கு நேர் மேல மஞ்ச மழச்சட்ட தெரிஞ்சிச்சு. தேத்தண்ணி ஆறுதுன்னு கத்துனேன். கையக் காட்டுனாரு."

நான் அந்தப் படியில் நின்று, லயத்துக்கும் மலைக்கும் நடுவே இருந்த கோயில் சூலத்தின் நுனிக்கு மேலாகக் கண்ணை வைத்தேன். நான் கத்திச் சொன்னதும் கங்காணி குச்சியோடு கயிற்றோரமாக நகர்ந்தார். கையைத் தூக்கினேன். நின்றார். சரிவின் நட்டநடு.

அக்கா என்னை ஒதுக்கிவிட்டுத் தானே பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வரச் சொல்லு."

குச்சி நகர்ந்தது. அங்கே தோண்டியபோதுதான் மண்ணுக்குள் மஞ்சள் சட்டை தெரிந்தது. ஆனால் இயந்திரம் தோண்டிய நேரம் முழுக்க அவள் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. தேயிலை பனிக்குள் நுழைகிற அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றும் மழை ஓய்ந்த காலைகளில் நானும் அந்தப் பக்கம் பார்த்துவிடுகிறேன்.