மெமரி கார்டில் இருந்த குப்பை லாரிகள்

"இது நடந்த கதை, செம்பாக்கம் ஏரி மேல சத்தியம்! ஒரே ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் இழுத்துகீறேன்" என்று சொல்லித்தான் கோகிலவாணி அக்கா டீக்கடையில் ஆரம்பித்தேன்.

"சிட்டிபாபு வாயத் தொறந்தா மழையே வேணாம், ஏரி ரொம்பிடும்" என்றார் அக்கா.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே நம்ம உதயா, அவன் தும்மினால் செத்த போனும் ரிங் அடிக்கும். அவனிடம் சிட்லபாக்கம் சத்யநாராயணன் சார் வந்தார். ரிட்டயர்டு. ஏரியில் திருட்டுத்தனமாகக் குப்பை கொட்டும் லாரிகளை, மரத்தோடு மரமாக நின்று போட்டோ பிடிப்பவர். தேதியும் இடமும் படத்திலேயே விழுகிற ஆப் ஒன்று வைத்திருந்தார். அடுத்த வாரம் அவர் மனு மேல் விசாரணை. அந்தப் படங்கள்தான் சாட்சி.

"ஸ்பேஸ் இல்லேங்குது உதயா. ஆப் தொறக்கவே மாட்டேங்குது."

உதயா நோண்டிப் பார்த்தான். படமெல்லாம் மெமரி கார்டில் இருந்தது.

"கார்டுல பத்திரமா கீது சார். போனு மேல ரயிலே ஏறினாலும் போட்டோ போவாது" என்று சொல்லி, ஆப்பைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினான்.

கார்டில் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆப் தனக்கென்று போட்டுக்கொண்ட ஃபோல்டரில் இருந்தது. ஆப்பைத் தூக்கினால் அந்த ஃபோல்டரும் கூடவே போய்விடும். ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கலாம். காலியான திரையைப் பார்த்ததும் உதயா போனை அணைத்தான். "ரெடி சார்" என்று கொடுத்தனுப்பிவிட்டான்.

மறுநாள் சார் வந்து நின்றார்.

"நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்குப்பா. வயசாயிடுச்சு. உன்னை வேற தொந்தரவு பண்றேன்."

"பரவால்ல சார்" என்றான் உதயா.

அந்த ஒரு சொல் சொன்னதிலிருந்து அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இட்லியைக் கண்டாலும் மிரள்கிறான். சாரோ போனைத் தன் மனைவி காமு மாமியிடம் கொடுத்துவிட்டார். ஏரிப் பக்கமே போவதில்லை.

"அப்பால இன்னா ஆச்சு?" என்றான் லோடு ஆட்டோ ஆல்வின்.

"இன்னா ஆச்சா? உதயா நேரா சார் வூட்டுக்குப் போனான், கால்ல வுழுந்து உண்மையச் சொன்னான். சார் கட்டிப்புடிச்சு அழுத அழுகையில ஏரி ரெண்டு அடி ஏறிச்சு!"

ஆல்வின் கடைசி பெஞ்சுக்குத் திரும்பினான். அங்கே உதயா இருந்தான். அவன் டீயில் ஆடை படிந்திருந்தது.

"நெஜமாவே சொல்ட்டியா மச்சான்?"

உதயா தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அந்த எடத்தத்தான் சிட்டிபாபு இழுத்துட்டான்."

"அடப்பாவி! இப்பவே போய்ச் சொல்லு. அந்த மனுஷன் தன் மூளையே கெட்டுப்போச்சுனு நெனச்சுகினு கீறாரு!" என்றார் அக்கா.

"சொன்னா படம் திரும்பி வருமாக்கா? அப்பால இவன் கடைக்கு எவன் வருவான்?" என்றான் ஆல்வின்.

"உன் போனா இருந்தா இப்டிப் பேசுவியாடா?"

"என் போன ஏன் இழுக்கிற?"

ஆல்வின் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அக்கா டீ வடிகட்டியை ஓங்கினார்.