சோடாவுக்குப் பக்கத்தில் இருந்த மருந்து

செஞ்சி கடைத்தெருவில் எனக்கு ஒரு கூல்டிரிங்ஸ் கடை. அதிலிருக்கும் ஃப்ரிட்ஜின் மேல்தட்டு மட்டும் என்னுடையது இல்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்க்கும் தன்னார்வலர் பெண் ஒருநாள் வந்து, "அண்ணா, ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க இன்சுலின இங்க வெச்சிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"இது இன்னா கடையா, கவருமெண்ட் ஆஸ்பத்திரியா?" என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் நானே தட்டைத் துடைத்துக் கொடுத்தேன். என் குணம் அப்படி. கத்தாமல் எந்த வேலையும் எனக்கு ஓடாது.

வீட்டில் ஒரு பாட்டிலை மட்டும் மண்சட்டியில் ஈரமணல் போட்டு வைத்துக்கொள்வார்கள். அது தீரும்போது கடைக்கு வந்து அடுத்ததை எடுத்துப் போவார்கள். அப்படி வருகிறவர்களில் எட்டாவது படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி. மேல்சித்தாமூர் போகும் வழியில் சின்ன ஊர். பஸ்ஸில் செஞ்சிக்குப் படிக்க வருவாள், பள்ளிக்கூடம் விட்டதும் மருந்தை எடுத்துக்கொண்டு போவாள்.

"பெரிப்பா, என் மருந்த சோடாகிட்ட வெக்காதீங்க. பாத்தா ஆசையா இருக்குது."

"ஆசையா இருந்தா மூடிய மோந்து பாத்துட்டுப் போ, கழுத" என்பேன். சிரித்துக்கொண்டே ஓடுவாள்.

அந்த வருஷப் புயல்மழைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். மருந்து எடுக்க வருவதே பள்ளிக்கூட நாளில்தான் என்று பழகிப்போனவள், திறந்ததும் எடுத்துக்கலாம் என்று இருந்திருக்கிறாள். லீவு நீண்டுகொண்டே போனது. இருந்ததைக் குறைத்துக் குறைத்துப் போட்டிருக்கிறாள், அம்மாவிடம்கூடச் சொல்லாமல். கடைசியில் அதுவும் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் தன்னார்வலர் பெண் தொப்பலாக நனைந்து கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணா, புள்ளைக்கு ஒரே வாந்தியாம். மருந்து சுத்தமா இல்லியாம். அவங்கம்மா போன்ல அழுவுது."

முதல்நாளே கரெண்ட் போயிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் பாதுகாத்து வைத்திருந்தேன். மருந்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. துண்டில் சுற்றி ஃபிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு, அவளைப் பின்னால் ஏற்றி வண்டியை விரட்டினேன்.

தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. ஓடை, வயல், ரோடு எல்லாம் ஒரே தண்ணீர். அந்தப் பக்கம் அம்மாக்காரி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். கத்தினால்கூடக் கேட்காத தூரம்.

"தூக்கி எறிஞ்சிடலாமா?" என்று கேட்டேன்.

"பாதிகூட போவாதுண்ணா."

அங்கே நின்ற ஜேசிபிக்காரனைக் கெஞ்சினேன். பாவம், இறக்கிப் பார்த்தான். சக்கரம் முங்கியதும் பின்னால் எடுத்துவிட்டான். "இழுக்குதுண்ணா. எனக்கும் புள்ளைங்க இருக்குது" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தன்னார்வலர் பெண் தீயணைப்புக்குப் போன் போட்டாள். வண்டியெல்லாம் வெளியில் இருக்குது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். போனை என் கையில் திணித்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுண்ணா!"

"நீயும் போய்ட்டா மத்தவங்களுக்கு யாருடி போவா?"

ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்து கையில் இருக்கிறது, வாங்க வேண்டியவள் கண்ணெதிரே நிற்கிறாள், ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படி ஒரு கையாலாகாத நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாக்காரிக்குப் போன் செய்தாள். "அக்கா, இங்க நிக்காத. கட்டில்ல வெச்சி வயக்காட்டு வழியா மெயின் ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க." அந்த ரோட்டுக்குப் போக எங்களுக்கும் இந்தத் தரைப்பாலத்தை விட்டால் வழியில்லை. உரச்சாக்கு திரும்பி ஓடுவது தெரிந்தது. வரப்பெல்லாம் சேறு. தூக்கிப்போய், வண்டி பிடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் பிள்ளை போய்விட்டாள். சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. வடிந்து என்ன பிரயோசனம்?

காரியமெல்லாம் முடிந்தபிறகு அம்மாக்காரி கடைக்கு வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"அண்ணா, அது இன்னும் இருக்குதா?"

மருந்தைப் பெட்டியோடு எடுத்துக் கொடுத்தேன். அட்டைப்பெட்டி மேல் பிள்ளை பேனாவால் ஒரு பூ வரைந்திருந்தாள். அம்மாக்காரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கரெண்ட் இல்லாதப்ப இது கெட்டுப் போயிருக்கும், இல்லண்ணா?"

கெடவில்லை. தன்னார்வலர் பெண் டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்து சொல்லியிருந்தாள்.

"ஆமாம்மா. கெட்டுதான் போயிருக்கும்."

"அப்ப கொண்டாந்து குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

மறுநாள் அந்த மருந்தை அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு பெரியவருக்குக் கொடுத்தோம். அவருக்கு சுகர் நன்றாகவே இறங்கியது.