கொதிக்காத லொறி

அப்பா விட்டுப்போன பழைய லொறியின் ரேடியேட்டருக்கு மின்விசிறி பூட்டிய மெக்கானிக், "இனிக் கொதிக்காது அக்கா" என்றார். ஒன்பது வயதில் நடந்தது ஞாபகம் வந்தது.

வங்காலையிலிருந்து மீன் ஏற்றிப்போகும் அப்பா, பிந்தி வந்தால் "லொறி கொதிச்சுப்போச்சு" என்பார். அம்மா நம்பாமல் ஒருநாள் என்னையும் கூட அனுப்பினாள். டீசலும் மீனும் மணக்க அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து போனேன். எஞ்சின் கொதிக்கவேயில்லை. ஆனாலும் அப்பா வழியில் முருங்கனில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார். வெளியே வந்த பெண், "இண்டைக்கு மகளுமோ?" என்று சிரித்தாள். அப்பா கேட்காமலே உள்ளே போய்க் கதிரையில் அமர்ந்தார்.

"லொறி கொதிச்சதோ?" என்று அம்மா இரவு கேட்டாள்.

"ஓம் அம்மா," அப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் அப்பாவைவிட என்னைத்தான் சந்தேகித்தாள். இன்று நான் லொறியோடு வீடு வந்ததும் கேட்டாள்:

"வழியில எங்கையும் நிண்டனியோ?"