பதினொருவரும் நோக்கத்தை அடைந்தனர்

ஆறு வருடங்களாக நான் ஒரே வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தேன். "மாணவர்கள் அனைவரும் பாட நோக்கத்தை அடைந்தனர்." எழுதினேன் என்று சொல்வதுகூடப் பொய். ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, சிரம்பானை ஒட்டிய ராசாவில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, ஆசிரியர்களின் டெலிகிராம் குழுவில் யாரோ போட்டிருக்கும் அந்த வாரத்துப் பாடத்திட்டத்தை இறக்கி, பள்ளியின் பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. பாடத்திட்டத்தின் கடைசிக் கட்டம், பாடம் நடந்து முடிந்த பிறகு ஆசிரியர் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியது. அதையும் ஞாயிற்றுக்கிழமையே ஒட்டிவிடுவேன். புதன்கிழமை நடக்கப்போகும் பாடத்தில் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று மூன்று நாள் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

ஒருமுறை எண்ணிக்கையை மாற்ற மறந்துவிட்டேன். "28/28 மாணவர்கள் அடைந்தனர்" என்று போய்விட்டது. என் வகுப்பில் இருந்தது பதினொரு பேர். தலைமையாசிரியர் அதன்மேல் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பச்சை மையில் "நன்று" என்றும் எழுதித் திருப்பி அனுப்பினார். ஆசிரியர் அறையில் அதைக் காட்டி எல்லாரும் சிரித்தோம். நானும்தான். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் வாயில் புளித்த ஏப்பம் வந்தது போல இருக்கிறது.

பள்ளி லாபு பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது நம் குடும்பங்கள் நாலைந்துதான். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நீலாய், சிரம்பான் தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வருகிறவர்கள். தோட்டத்திலேயே இருந்து நடந்து வருகிற சிலரில் ஒருத்திதான் நான் சொல்லவந்த பெண். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மாவுக்கு நீலாயில் தொழிற்சாலை வேலை, ஷிப்டு. அவளுக்கு முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்தே நான்தான் வகுப்பாசிரியர். இரண்டாம் ஆண்டின் நடுவில்கூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவது போலப் பார்த்து வரைவாள். அழகாக வரைவாள். அதற்கு நட்சத்திர ஒட்டுப்படம் ஒட்டிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால், ஒரு பிள்ளை அடையவில்லை என்று எழுதினால் அதோடு நிற்காது. அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று நிரப்பித் தர ஒரு பாரம், மூன்று வாரம் கழித்து இன்னொரு பாரம், வகுப்பின் தேர்ச்சி வரைபடத்தில் ஒரு சிவப்புக் கட்டம். எல்லாரும் அடைந்தனர் என்று எழுதினால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் சோம்பேறி என்று ஒருநாளும் நினைத்துக்கொண்டதில்லை. வேலைப்பளு என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் என் வகுப்புக்குப் பாடம் பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"நாலு நாளு நல்லா பழக்கிடுங்க டீச்சர். யாரு எந்த கேள்விக்கு கை தூக்கணும், எல்லாம் முன்னயே சொல்லிடுங்க. அந்த தோட்டத்துப் புள்ளய மட்டும் அன்னைக்கு லைப்ரரியில உக்கார வெச்சிடுங்க. எதுக்கு வம்பு?"

"வேணாம் சார். நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் சொன்னது எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரைவிட நான் நல்லவள் என்ற நினைப்போடுதான் வகுப்புக்குப் போனேன். திரையில் காட்டப்போகும் வாசிப்புப் பகுதியில் முதல் பத்தியை அந்தப் பெண்ணுக்கே கொடுத்தேன். ஐந்து வரி. அம்மா காலைச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குவது. நான்கு நாளும் அதை நான் உரக்க வாசித்தேன், அவள் திருப்பிச் சொன்னாள். கடைசி நாள் அவசரத்தில் 'வெண்டைக்காய்' என்ற இடத்தில் 'கத்திரிக்காய்' என்று வாசித்துவிட்டேன். பிறகு கவனித்தேன். திருத்தவில்லை. மறந்தும் போனேன்.

அதிகாரி வந்த அன்று பாடம் எண்ணெய் போட்ட சக்கரமாக ஓடியது. கேட்கும் முன்பே கைகள் உயர்ந்தன. சரியான பதில் தெரிந்தவர்கள் சரியான பதிலைச் சொன்னார்கள். தவறாகச் சொல்ல வேண்டும் என்று நான் முன்பே ஏற்பாடு செய்திருந்தவன் தவறாகச் சொல்லி, நான் திருத்த, நன்றி டீச்சர் என்றான். அவள் முறை வந்தது. எழுந்து நின்று, பாவாடையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, தடுமாறாமல் சொன்னாள். "அம்மா வாழைக்காய், கத்திரிக்காய், தக்காளி வாங்கினார்."

திரையில் வெண்டைக்காய் என்று பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் வெண்டைக்காய் படமும் இருந்தது. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், வெண்ட..." என்று தொடங்கினான். கண்ணாலேயே அவனை அடக்கினேன். அதிகாரி குனிந்து பாரத்தில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு சிற்றுண்டிச் சாலையில் மீ கோரேங்கும் கறிபாப்பும். அதிகாரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டாவது வரிசையில ஒரு பொம்பளப் புள்ள வாசிச்சிச்சே, நல்ல சரளம். எழுதியிருக்கேன்."

"நன்றி சார்" என்றேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மூன்று நான்கு வாரம் கழித்து அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். இரவு ஷிப்டு முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். அலுவலகத்தில் தலைமையாசிரியர், நான், அவர்.

"கோயில்ல செருப்பு விடுற எடத்துல போர்டு இருந்திச்சி சார். படின்னு சொன்னா முழிக்கிது. 'செ'கூட தெரியல. இங்க குறைநீக்கல் வகுப்பு இருக்குன்னு சொன்னாங்க. அதுல போடுங்க சார்."

குறைநீக்கல் வகுப்பு எங்கள் பள்ளியில் இருந்தது, வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆசிரியையோடு. ஆனால் அதில் சேர்க்க வகுப்பாசிரியரின் பதிவு வேண்டும். தலைமையாசிரியர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து என் பாடத்திட்டக் கோப்பை எடுத்துவந்து அந்த அம்மாவின் முன்னால் விரித்தார்.

"பாருங்கம்மா. ஒவ்வொரு வாரமும் டீச்சர் எழுதியிருக்காங்க. எல்லா புள்ளைங்களும் அடைஞ்சிட்டாங்க. வெளியிலருந்து வந்த அதிகாரியே உங்க மக சரளமா வாசிக்கிதுன்னு எழுதிட்டுப் போயிருக்காரு. நல்லா படிக்கிற புள்ளய அந்த வகுப்புல எப்படி போடுறது?"

அந்த அம்மா கோப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. எம்புள்ள படிக்கிதா?"

நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் மெதுவா படிக்கும். வீட்டுல நீங்களும் சொல்லிக் கொடுங்க."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் செம்பனை மரங்களுக்குள் மறையும்வரை நான் கோப்பை மூடாமல் நின்றேன். பள்ளியின் பெயரும் தேதியும் மட்டும் நான் தட்டியவை. மற்றதெல்லாம் யாரோ ஒருவருடையது. யாரென்றுகூட எனக்குத் தெரியாது. கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் மற்ற பிள்ளைகள் உடற்கல்விக்குப் போனதும் அவளை மட்டும் உட்காரவைத்து எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அ, ம, ப, ட. நான்கோடு நின்றுவிட்டது. ஐந்தாவது அட்டையைக் காட்டியதும் அவள் அட்டையை விட்டுவிட்டு என் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். நான் கையால் வாயை மூடிக்கொண்டேன். அவள் அழுதுவிட்டாள்.

அன்று பள்ளி முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று சொன்னேன். "அவளுக்கு வாசிக்கத் தெரியாதுங்க. மொதல்லருந்தே தெரியாது. நான் எழுதினது எல்லாம் பொய்."

அவர் தலைமுடியைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார். "ரிப்போட்டுல எப்பவும் நல்லா படிக்கிதுன்னுதான டீச்சர் வந்திச்சி. ஸ்கூல்ல படிக்கிது, வூட்டுல மட்டும் பாசாங்கு பண்ணுதுன்னு நெனச்சேன். அதுக்காக அடிச்சிருக்கேன். பெல்ட்டால."

உள்ளே அவள் தம்பியோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரம் கல்வி அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். இந்த மாணவியைப் பற்றிய என் பதிவுகள் எதுவும் உண்மையல்ல, அன்று வாசித்தது மனப்பாடம், பழக்கியது நான். அவர் வாசித்துவிட்டுக் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான லா எழுதுறாங்க. நீங்க மட்டும் என்னா டீச்சர்? புள்ளைங்க எண்ணிக்க ஏற்கனவே கொறைஞ்சிக்கிட்டு வருது. இங்க படிப்பு சரியில்லன்னு நாலு பேரு பேசினா, அடுத்த வருஷம் மொதலாம் ஆண்டுக்கு யாரு வருவா?"

அவர் பயத்தில் பொய்யில்லை. தோட்டத்துப் பள்ளியில் வேலை செய்கிற எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் பிள்ளைகள் வேண்டும் என்கிறோம், வந்த பிள்ளையை இப்படி வைத்திருக்கிறோம்.

"சார் அனுப்பலன்னா நானே அனுப்பிடுவேன்" என்றேன்.

கடிதம் போனது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பிறகு ஓர் எச்சரிக்கை. அவளுக்குக் குறைநீக்கல் வகுப்பில் இடம் கிடைத்தது. மற்ற ஆசிரியர்கள் கொஞ்ச நாள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. ஒருவர் மட்டும் வந்து, "எங்க பொழப்பயும் சேத்து கெடுத்துட்டீங்களே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது பாடத்திட்டத்தை முந்தின நாள் மதியம், அன்றைய நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையால் எழுதுகிறேன். அரைப் பக்கம்தான். முதலில் எழுதுவது யாருக்கு எது இன்னும் தெரியாது என்பதை. பிறகு அதற்கு நாளை என்ன செய்யப்போகிறேன் என்பதை. 'ண'வும் 'ன'வும் குழம்புகிற மூன்று பேருக்காக ஒரு பாடம் முழுவதையும் மாற்றிய நாள் உண்டு. அந்தப் பாடமும் சரிவரவில்லை. "மூவரும் அடையவில்லை. நான் இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தது தவறு" என்று எழுதினேன். தலைமையாசிரியர் அந்த வரியை அடிக்கோடிட்டு "நேர்மறையாக எழுதவும்" என்று குறிப்பு எழுதினார். நான் மாற்றவில்லை.

அவள் இப்போது நான்காம் ஆண்டு. விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, உதட்டை அசைத்து வாசிக்கிறாள். வகுப்பில் கடைசிதான். போன மாதம் அவளுடைய அம்மா குறைநீக்கல் ஆசிரியைக்கு ஒரு டப்பாவில் கேசரி கொண்டுவந்து கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். நான் இரண்டடி தள்ளி, வாசல் கதவருகில் நின்றிருந்தேன். போகும்போது அவர் என்னைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போனார். என் பக்கம் திரும்பவில்லை. நானும் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.