சின்னம்மாவுக்கு வடக்கில் ஒரு சொல்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு மாசி மாதம். சின்னம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். வேலையிடத்திலிருந்து பனியில் விழுந்தெழும்பி ஓடிவந்த என்னைத் தாதி ஒருத்தி கதவடியில் மறித்தாள்.

“அவர் உங்களுக்கு என்ன உறவு?”

“டான்டெ,” என்றேன். ஜெர்மனில் மாமி, பெரியம்மா, சின்னம்மா எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான். எல்லாக் கறிக்கும் ஒரே சட்டி!

“இன்றைக்குக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் அனுமதி,” என்றாள். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, உள்ளே போனாள்.

எனக்கு எப்போதும் மூக்குநுனியில் கோபம். அன்று அதைவிடப் பயம். சின்னம்மாவுக்குக் கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. நாலு வயதில் அம்மாவை இழந்த எனக்குச் சோறு தீத்தி, தலை இழுத்துப் பின்னி, இந்த நாட்டுக்கும் கூட்டிவந்தவர் அம்மாவின் தங்கையான அவர்தான். என்னைக் காணாமலே போய்விடுவாரோ என்று கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி எட்டிப் பார்த்தேன்.

தாதி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினாள். “வெளியே நிற்பது தன் மகள் என்கிறார் அவர். நீங்கள் டான்டெ என்கிறீர்கள். எது உண்மை?”

“இரண்டும்தான்!” என்று வெடித்தேன். “அவர் என் அம்மாவின் தங்கை. எங்கள் மொழியில் சின்ன அம்மா. அப்படியென்றால் நான் மகள்தானே?”

அவள் முகம் மாறியது. “மோஸ்டர்,” என்றாள் மெல்ல. அவள் டென்மார்க்காரி; அம்மாவின் சகோதரிக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல்லாம். அம்மா என்ற சொல்லும் சகோதரி என்ற சொல்லும் ஒட்டி, காலம்காலமாக வாயில் தேய்ந்து அப்படி ஆயிற்றாம். சுவீடனிலும் அதே சொல்தானாம். நோர்வேயில் வயதானவர்கள் இன்னும் சொல்வார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் முகத்தையே காணாத சனங்கள், எங்கேயோ ஒரு குளிர்கடல் ஓரத்தில், அம்மாவின் சகோதரிக்குள் அம்மாவை வைத்துப் பொத்திக் காத்திருக்கிறார்கள். கோபம் போன இடம் தெரியவில்லை.

“போங்கள்,” என்று அவள் கதவைத் திறந்தாள்.

சின்னம்மா கண் விழித்தார். “ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்?”

“நீங்கள் எனக்கு ஆரெண்டு கேட்டவை, சின்னம்மா.”

“அதுக்கு என்ன சொன்னனீ?”

வந்த நாளிலிருந்து எல்லாப் படிவங்களிலும் டான்டெ என்று கூசாமல் எழுதியவள் நான். ஜெர்மன் அரைகுறையாகத் தெரிந்த அவரோ, என்னை மகள் என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

“அம்மா எண்டு சொன்னனான்,” என்று பொய் சொன்னேன்.